அலை ஓய்ந்தபின் நீராடலாமா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்துக்கு இரண்டு ஆரவாரங்கள் ஒருங்கே வந்து சேரும். ஒன்று, வங்காள விரிகுடாவிலிருந்து வீசும் வாடைக் காற்றும் அது சுமந்துவரும் மழையும். மற்றையது, பாடசாலை விடுமுறையும் நத்தார்ப் பண்டிகையின் ஆயத்தங்களும். தையற்காரரின் இயந்திரம் நள்ளிரவுவரை ஓடும். போறணைகளில் வெண்ணெயும் முந்திரிகை வற்றலும் மணக்கும். வீடுகளிலே சுவருக்கு வெள்ளையடிப்பர். திரைச்சீலைகளைத் துவைத்துக் கட்டுவர். பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் முறுக்கும் பேணிகளில் நிறையும். கொழும்பிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் உறவினர் வந்திறங்குவர். கரோல் பாடும் இளைஞர் மழைக்கு அஞ்சாது வீடுவீடாக வருவர். விடுமுறை என்று பெயர். ஆனால் ஆண்டு முழுவதிலும் இத்துணை வேலை நிறைந்த நாட்கள் வேறில்லை.

இத்தனை பணிகளுக்கும் எப்படியோ நேரம் கிடைத்துவிடுகிறது. கிடையாமற் போவது ஒன்றுக்கேயாம். எவருடைய பிறப்பை முன்னிட்டு இவ்வளவும் நிகழ்கின்றனவோ, அவரோடு அமர்ந்து பேசுதற்கு நமக்கு நேரமில்லை. "திருநாள் கழியட்டும், பிறகு ஆறுதலாகச் செபிப்போம்" என்ற சொல்லை நான் எத்தனையோ வீடுகளிற் கேட்டிருக்கிறேன். திருநாள் கழியும். புத்தாண்டு வரும். பாடசாலை தொடங்கும். ஆறுதல் மட்டும் வருவதில்லை. அலை ஓய்ந்தபின் நீராடலாம் என்று கரையில் நின்றவனைப்பற்றி நம் முன்னோர் ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். கடலோரத்தில் வாழும் நமக்கு அதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

துறைமுகம் அறியாத விடுமுறை

நம்முடைய ஊரின் நேரக் கணக்கே தனியானது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எங்களுடையது. மகாவலி கங்கை மூதூருக்கு அருகிற் கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கிறது. உட்துறைமுகமோ மலைகளின் அணைப்பில் ஆழ்ந்து கிடக்கிறது. ஆங்கிலேயர் 1957ஆம் ஆண்டுவரை இதனைத் தம் கடற்படைத் தளமாக வைத்திருந்தனர். அவர்கள் சீனன்குடாவில் அமைத்துவிட்டுப் போன மாபெரும் எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் காட்டிடையே நிற்கின்றன. இன்று கப்பல்கள் கோதுமையும் எண்ணெயும் கொண்டுவருகின்றன. கப்பல் வரும் நேரமே வேலை நேரம். அது நத்தார் இரவாயினும் சரி, பெரிய வெள்ளியாயினும் சரி, நங்கூரமிட்ட கப்பல் தொழிலாளியை அழைத்தே தீரும்.

மீனவர் நிலை இதனினும் வேறு. வாடை பெயர்க்கும் மார்கழியில் எங்கள் கடல் கொந்தளிக்கும். பல நாட்கள் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். அக்காலத்தில் மீனவனுக்குச் செபிக்க நேரம் உண்டு. திருநாளைக் கொண்டாடக் கையிற் காசு இராது. சித்திரையை அடுத்துக் கடல் அடங்கும். நீர்கொழும்பு, சிலாபம் முதலான மேற்குக் கரையூர்களிலிருந்து கத்தோலிக்க மீனவர் பலர் குடும்பத்தோடு இங்கே வந்து வாடியமைத்துத் தங்குவர். அப்பொழுது காசு புரளும், நேரம் இராது. உயிர்த்த ஞாயிறு பெரும்பாலும் அந்தப் பருவத்தின் வாயிலில் வந்து நிற்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பிரயாணிகள் நிறையும் காலமோ வைகாசி முதல் புரட்டாதிவரை. ஆவணியில் வரும் தேவமாதாவின் விண்ணேற்பு விழா, விடுதிகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஆண்டின் மிகக் கடுமையான உழைப்பு நாட்களுக்குள்ளே அகப்பட்டுக்கொள்கிறது.

ஆகவே, "ஓய்வு கிடைத்தாற் செபிப்பேன்" என்ற நியாயம் எந்த ஊருக்குப் பொருந்தினாலும் துறைமுகத்துக்குப் பொருந்தாது. இங்கு ஓய்வும் திருநாளும் ஒரே நாளிற் சந்திப்பது அருமை. சந்திக்கும் என்று காத்திருந்தவர்கள் காத்திருந்தபடியே முதுமை எய்தினார்கள்.

ஞாயிறு இல்லாத ஐந்து ஆண்டுகள்

இக்கால மாணவர் பலர் அறியாத ஒரு வரலாற்றை இங்கே சொல்ல வேண்டும். 1966ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து 1971ஆம் ஆண்டுவரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனின் கலைகளைக் கொண்டு கணிக்கப்படும் போயா தினங்களே வார விடுமுறைகளாக வகுக்கப்பட்டன. ஒரு சந்திர மாதம் ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அதனை நான்காகப் பகுத்தால் ஒரு பகுதி ஏழு நாளாயும் சில வேளை எட்டு நாளாயும் அமையும். அதனால் விடுமுறை ஒரு வாரம் செவ்வாயிலும் பின்னொரு வாரம் புதனிலும் வந்தது. கந்தோரும் பாடசாலையும் அதன்படியே நடந்தன. பௌத்த மக்களுக்கு அது தங்கள் நோன்பு நாளுக்குக் கிடைத்த மதிப்பு. அதனை நாம் குறை சொல்லலாகாது. ஆனாற் கிறிஸ்தவனுக்கு ஞாயிறு வேலை நாளாயிற்று.

அப்பொழுது நான் சிறுவன். என் தகப்பனார் துறைமுகத்தை அடுத்த ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் அம்மா எங்களை எழுப்புவார். அரிக்கன் லாந்தர் வெளிச்சத்தில் முகங்கழுவி, பாடசாலைச் சீருடையைக் கோவிலுக்கே அணிந்துகொண்டு புறப்படுவோம். ஐயா கந்தோர் உடையோடு வருவார். முதற் பூசை முடிந்ததும் கோவில் வாசலில் பிரிவோம். அவர் கந்தோருக்கு, நாங்கள் பாடசாலைக்கு. புத்தகப் பைகள் பூசை முடியும்வரை கோவிற் சுவரோரத்தில் வரிசையாகக் காத்திருக்கும். ஈரக் கூந்தலோடு தாதியரும், தோளில் துவாயோடு தொழிலாளரும் அங்கே முழந்தாளிட்டிருந்த காட்சி என் மனத்தில் இன்றும் பசுமையாக இருக்கிறது.

ஒருநாள் என் மூத்த அண்ணன் சலித்துக்கொண்டான். "ஐயா, போயாவுக்குப் பூசைக்குப் போனால் என்ன? ஆறுதலாகப் போகலாமே" என்றான். ஐயா அவனைக் கடியவில்லை. "தம்பி, லீவு அரசாங்கம் தாறது. ஞாயிறு ஆண்டவர் தந்தது. அவர் தந்ததுக்கு இவையிட்டை லீவு கேக்க வேணுமோ?" என்றார். அவ்வளவுதான். பின்னர் அதைப்பற்றி அவர் பேசியதாக எனக்கு நினைவில்லை.

1971இல் ஞாயிறு மீண்டும் விடுமுறையாயிற்று. எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் அதன்பின் நிகழ்ந்ததை எண்ணும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. எங்கள் அயலில் விடியற்காலைப் பூசைக்கு வந்த கூட்டம் மெல்லமெல்லக் குறைந்தது. சந்தைக்குப் போக, தலைமயிர் வெட்ட, உறவினரைக் காண, நெடுநேரம் உறங்க என்று ஞாயிற்றுக்கு நூறு உரிமையாளர் தோன்றினர். நாள் முழுவதும் நமக்குக் கிடைத்தபோது அதில் ஒரு நாழிகையை ஆண்டவருக்குக் கொடுப்பது அரிதாயிற்று. நாளே நம்மிடம் இல்லாதபோதோ அந்த நாழிகையை நாமே உண்டாக்கினோம். கிடைக்கும் நேரம் கரைந்துபோகும். உண்டாக்கிய நேரமே நிலைத்து நிற்கும். விடுமுறையில் ஏன் செபம் தளர்கிறது என்ற கேள்விக்கு இதனிலும் தெளிவான விடையை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

கதவு அடைபட்ட காலங்கள்

நேரத்தை உண்டாக்கியவர்கள் நம்முடைய தகப்பன்மார் மட்டும் அல்லர். ஒல்லாந்தர் 1658இல் இலங்கையின் கரையோரத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து முற்றாகக் கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தனர். குருமார் வெளியேற்றப்பட்டனர். பூசையில்லை, மணியில்லை, திருவிழாவில்லை. கோவாவிலிருந்து சூசை வாஸ் அடிகளார் தமிழ் கற்று, ஏழைக் கூலியாளைப்போல வேடம் பூண்டு 1687இல் இத்தீவில் வந்திறங்கியபோது, குருவானவரின் முகத்தையே காணாத ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. ஆயினும் விசுவாசம் அழிந்திருக்கவில்லை. கதவடைத்த வீடுகளில், இருளில், பாட்டிமார் சொல்லிக்கொடுத்த செபங்களில் அது உயிரோடிருந்தது. அந்தச் சூசை வாஸ் அடிகளாரையே 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்புக் காலிமுகத் திடலிற் பாப்பரசர் பிரான்சிசு புனிதராக அறிவித்தார்.

அது பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டாம். 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்புக் கொச்சிக்கடையிலும் நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. ஆலயங்களிலும் விடுதிகளிலுமாக 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஞாயிறு நாட்டிற் கத்தோலிக்க ஆலயங்களிற் பொதுப் பூசை நடைபெறவில்லை. தொலைக்காட்சியில் ஒலித்த பூசைக்கு முன்னால் மக்கள் தங்கள் வீட்டுக் கூடங்களில் முழந்தாளிட்டனர். மறுவருடம், 2020இல், கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊரடங்குச் சட்டம் விதிக்கப்பட்டிருந்த காலத்திலே உயிர்த்த ஞாயிறு வந்தது. மீண்டும் கோவிற் கதவுகள் அடைபட்டிருந்தன.

அந்த இரண்டு ஆண்டுகளிலும் நான் கண்டது ஒன்று. முன்னரே வீட்டிற் செபிக்கும் வழக்கமுடைய குடும்பங்கள் தடுமாறவில்லை. விளக்கேற்றினார்கள், அமர்ந்தார்கள், தொடங்கினார்கள். அவ்வழக்கம் இல்லாதவர்களோ எங்கே அமர்வது, யார் தொடங்குவது, எதைச் சொல்வது என்று அறியாது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். வீட்டுச் செபம் என்பது துறைமுகத்து நங்கூரச் சங்கிலி போன்றது. காற்று எழுந்தபின் அதனைத் தேடிக் காண இயலாது.

ஒரே நாளில் இரண்டு நாட்கள்

நம்முடைய வீடுகளிற் பண்டிகை என்பது ஒரு மதத்தோடு நிற்பதன்று. கிறிஸ்தவத் தமிழன் எவனுக்கும் சைவ உறவினர் உண்டு. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி, ஏவிளம்பி வருடம் பிறந்த அதே நாளிற் பெரிய வெள்ளியும் வந்தது. ஒரு வீட்டில் பொங்கலும் புத்தாடையும். அடுத்த வீட்டில் உபவாசமும் சிலுவைப்பாதையும். அன்று காலை எங்கள் மச்சாள் ஒருத்தி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையிற் பலகாரத் தட்டு இல்லை. வெற்றிலையில் வைத்த ஒரு நாணயம் மாத்திரம் இருந்தது.

"அத்தான், இண்டைக்கு உங்களுக்குத் துக்க நாள். பலகாரத்தை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாறன். கைவிசேடத்தை மட்டும் பிடியுங்கோ" என்றாள்.

"நல்லது மச்சாள். சிலுவைப்பாதை முடிஞ்ச பிறகு பின்னேரம் நாங்களே வந்து உங்களைக் காணுறம்" என்றேன்.

அந்த நாளிலே யாருடைய மனமும் நோகவில்லை. எந்தக் கடமையும் விடுபடவில்லை. நம்முடைய செபத்துக்கு நேரம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னால் உறவினர் வெறுப்பர் என்ற அச்சம் வீண். நாம் மதியாத நேரத்தைப் பிறர் மதிப்பர் என்று எதிர்பார்ப்பதே தவறு. நாம் மதித்தால் அவர்களும் மதிப்பார்கள். சில வேளை நமக்கு முன்னரே மதிப்பார்கள்.

உண்மையில் அயலாரிடம் நாம் கற்க வேண்டியதும் நிரம்ப உண்டு. நாம் நத்தாருக்குப் பலகாரம் சுடும் அதே மார்கழியில், திருவாதிரைக்கு முந்திய பத்து நாட்களும் சைவப் பெருமக்கள் விடியுமுன் நீராடித் திருவெம்பாவை பாடுகிறார்கள். சங்கொலி மழையையும் ஊடறுத்து நம் படுக்கைவரை வருகிறது. வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் வணிகர் கடைக்கதவைச் சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகிறார். அந்த ஒரு மணி நேர வியாபாரம் போனதற்காக அவர் வறியவர் ஆகிவிடவில்லை. நேரமின்மை எல்லாருக்கும் பொதுவானது. அவர்கள் அதனை ஒரு காரணமாகக் கொள்ளவில்லை.

கப்பர்நாகூமில் ஒரு விடியல்

நம் ஆண்டவரின் வரலாற்றிலேயே நமக்கேற்ற ஒரு நாள் இருக்கிறது. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். கப்பர்நாகூம் ஒரு மீன்பிடித் துறை. அங்கே ஓய்வுநாளில் அவர் செபக்கூடத்திற் போதித்தார்; சீமோனின் வீட்டில் நோயாளியைக் குணமாக்கினார்; பொழுது சாய்ந்ததும் ஊரே வாசலிற் கூடிவிட்டது. ஓய்வுநாள் என்று பெயர், ஓய்வு இல்லை. மறுநாள் இருட்டோடு எழுந்து தனியிடம் சென்று செபித்தார். சீமோனும் தோழரும் அவரைத் தேடிக் கண்டு, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று முறையிட்டனர். அவரோ திரும்பிப் போகவில்லை. மற்ற ஊர்களுக்கும் போக வேண்டும் என்று புறப்பட்டார்.

இதிலே நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்று உண்டு. செபம் அவருடைய வேலையைக் குறைத்துவிடவில்லை. எந்த வேலை தம்முடையது, எது அன்று என்பதைப் பகுத்துக் காட்டியது. எல்லாரும் தேடுகிறார்கள் என்ற காரணத்துக்காக எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை என்ற துணிவை அது கொடுத்தது. நமக்கும் திருநாட் காலத்தில் வேண்டியது அதுவே.

ஏனெனில் நம்முடைய பண்டிகை வேலைகள் இருவகை. ஒருவகை கடமை. வைத்தியசாலையில் இரவு முழுவதும் விழித்திருக்கும் தாதியும், கப்பலிற் பாரம் இறக்கும் தொழிலாளியும், காவற் கடமையில் நிற்பவரும் கோவிலுக்கு வர இயலாதுபோனாற் குற்றமில்லை. அவர்களுடைய உழைப்பையே காணிக்கையாக்கலாம். 2022ஆம் ஆண்டு, நாட்டிற் பொருளாதாரம் நிலைகுலைந்து எரிபொருளுக்கு நெடுவரிசைகள் நீண்ட காலத்தில், மண்ணெண்ணெய்க் கலனை முன்னால் வைத்துக்கொண்டு நின்றபடியே செபமாலை உருட்டிய ஒரு மூதாட்டியைக் கண்டேன். அவருக்கு நேரத்தைத் தந்தவர் யார்? அந்த வரிசையேதான்.

மற்ற வகை, நாமே வருவித்துக்கொண்ட வேலை. அடுத்த வீட்டாரிலும் ஒரு பலகாரம் கூடுதலாக. சென்ற வருடத்திலும் விலை உயர்ந்த சேலை. அதற்காக ஈடுவைத்த நகை. அதை மீட்க வேண்டிய கவலை. செபத்தின் நேரத்தைப் பறிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. தொழுவத்திற் பிறந்த ஒருவரை வரவேற்க நாம் கடன்படுகிறோம்.

இங்கே ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மார்த்தாளின் கதையைச் சொல்லிப் பெண்களுக்குப் புத்தி புகட்டுவது எளிது. ஆனால் நம் வீடுகளில் அடுப்படியை மார்த்தாளின் தலையிற் கட்டிவிட்டு, அவள் மரியாளைப்போல அமரவில்லையே என்று குறைசொல்வது நீதியன்று. இல்லத்தரசி செபத்துக்கு அமர வேண்டுமானால், கணவர் திருவலையில் அமர்ந்து தேங்காய் திருவட்டும். மகன் முற்றம் கூட்டட்டும். மகள் மாத்திரமன்றி எல்லாப் பிள்ளைகளும் பாத்திரம் கழுவட்டும். ஒரு குடும்பத்தின் பக்தியை அதன் சமையலறையிற் காணலாம்.

செய்யத்தக்கவை

எங்கள் திருகோணமலை மேற்றிராசனம் 1893இல் நிறுவப்பட்டது. இக்காலத்தார் அதனை மறைமாவட்டம் என்பர். 1895இல் அது இயேசு சபைத் துறவிகளின் பொறுப்பில் விடப்பட்டது. அவர்களுடைய நிறுவனரான இஞ்ஞாசியார் நெடுநேரம் செபிக்க இயலாதவர்களுக்கும் ஏற்ற ஒரு பழக்கத்தை வற்புறுத்தினார். அதுதான் ஆன்ம சோதனை. நாளின் இறுதியிற் சில நிமிடங்கள் அமைதியாக அமர்ந்து, இன்று பெற்ற நன்மை எது, அதற்கு நன்றி சொன்னேனா, எங்கே தவறினேன், நாளைக்கு எந்த உதவி வேண்டும் என்று வரிசையாக எண்ணிப் பார்த்தல். பத்து நிமிடம் போதும். பஸ்ஸில் அமர்ந்தும் செய்யலாம்; மூதூருக்குப் போகும் வழியிற் செய்யலாம். விடுமுறையில் இருக்கும் மாணவருக்கு இதனிலும் நல்ல நாட்குறிப்பு வேறில்லை.

இலங்கைக்கு 1814இல் வந்த மெதடிஸ்தப் போதகர்கள் வேறொரு செல்வத்தைக் கொண்டுவந்தனர். அவர்களுடைய திருச்சபையின் தந்தையாகிய யோன் வெசிலி 1755இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை, மெதடிஸ்த மக்களால் இன்றும் புத்தாண்டின் தொடக்கத்தில் நடத்தப்படுகிறது. என் வாழ்வு என்னுடையது அன்று, ஆண்டவருடையது என்று ஆண்டுக்கொருமுறை சபையோடு நின்று புதுப்பித்துக்கொள்ளும் வழிபாடு அது. கத்தோலிக்கராயினும் மெதடிஸ்தராயினும், திருநாட் காலத்தின் முடிவில் இப்படியொரு கணக்கெடுப்பு நம் எல்லாருக்கும் நன்மை தரும்.

இன்னொன்று. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் நான்கு ஞாயிறுகள் உள்ளன. அது குறைந்தது 22 நாள், கூடியது 28 நாள். திருச்சபை இந்த ஆயத்தத்தை நமக்குத் தந்திருப்பது பலகாரம் சுடுவதற்காக மாத்திரம் அன்று. முதல் ஞாயிறன்றே குடும்பமாக அமர்ந்து இரண்டு பட்டியல்கள் எழுதுங்கள். ஒன்றில், வாங்க வேண்டியவை. மற்றதில், மன்னிக்க வேண்டியவர்கள், காண வேண்டிய நோயாளிகள், தீர்க்க வேண்டிய கடன்கள். முதற் பட்டியலைக் கடைத்தெரு நமக்கு நினைவூட்டும். இரண்டாவதை நினைவூட்டுவதற்கு நாளாந்தச் செபத்தையன்றி வேறெவரும் இல்லை.

செபத்துக்கு ஒரு நேரமும் ஓர் இடமும் குறியுங்கள். குறுகிய நேரமாயிருக்கட்டும், ஆனால் மாறாத நேரமாயிருக்கட்டும். விருந்தினர் வந்திருந்தால் அவர்களையும் அழையுங்கள். தொலைபேசிகளை ஒரு பெட்டியில் வையுங்கள். சிறு பிள்ளை வேதாகமத்தை வாசிக்கட்டும். தட்டுத்தடுமாறி வாசித்தாலும் வாசிக்கட்டும். இறந்தோர் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

இறந்தோரைச் சொல்லும்போது, இக்கரையில் வாழ்வோர் மறக்கவொண்ணாத ஒரு திகதி உண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருநாள், போயா தினமுமாம். அன்று காலை எழுந்து வந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியாவும் மூதூரும் பெருந்துயர் எய்தின. முதல் நாள் பகிர்ந்துண்ட பலகாரம் பேணிகளில் இருக்கவே, அதனைச் சுட்ட கைகள் இல்லாமற்போயின. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 26ஆம் திகதி காலை, விருந்தினர் எத்தனை பேர் இருந்தாலும், முதலில் ஒரு மெழுகுதிரி ஏற்றி மௌனமாக நிற்போம். சைவ அயலாரும் முஸ்லிம் அயலாரும் இழந்தவர்களும் அந்த மௌனத்துக்குள் அடங்குவர். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு குடும்பத்தார் ஒருவரோடொருவர் பேசும் குரலே வேறாக இருக்கிறது. சிறு கோபங்கள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

அன்பார்ந்த வாசகரே, மாணவச் செல்வங்களே! பண்டிகையைச் சுருக்குமாறு நான் சொல்லவில்லை. நல்ல பலகாரமும் புத்தாடையும் உறவினர் கூட்டமும் ஆண்டவருக்கு உவப்பானவையே. கானாவூர்த் திருமணப் பந்தியிலே அவர் மகிழ்ந்து அமர்ந்தவரன்றோ. அந்தப் பந்தியில் அவருக்கும் ஓர் இடம் வையுங்கள் என்றே வேண்டுகிறேன். கடல் ஒருநாளும் ஓயாது, ஓயவும் வேண்டியதில்லை. இந்த விடுமுறையில் நாளை விடியற்காலை, வீடு விழிக்குமுன், ஒரு கால்மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சிய நாள் தன் அலைகளோடு வரட்டும்.